மலை, ஏரி, கோட்டை, கடல்... ஒரே மாவட்டத்தில்! கடலூர் ட்ரிப் போறீங்களா?

லீவுக்கு எங்க போகலாம்னு யோசிக்கிறீங்களா? கடலூரில் தொடங்கி சிதம்பரம் பக்கம் வரை ஒரு ரவுண்டு வரலாம்.

கேப்பர் மலை: பெயர்தான் மலை. உண்மையில் செம்மண் மேடு. கடலூர் மத்திய சிறை இருப்பது இங்கேதான்.

தேவனாம்பட்டினம்: சில்வர் பீச் அருகே புனித டேவிட் கோட்டை. 1690-ல் மராத்தியரிடம் ஆங்கிலேயர் வாங்கியது. பீரங்கிக் குண்டு பாயும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்பதே பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், ஆங்கிலேயரின் தலைமையிடமே இதுதான். 1758-ல் பிரெஞ்சுப் படை இடித்துவிட்டதால், இப்போது முழுக் கோட்டையை எதிர்பார்க்க வேண்டாம்.

பிச்சாவரம்: அலையாத்திக் காட்டுக்குள் படகு சவாரி. 2004 சுனாமியின் வேகத்தைத் தணித்து, பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது இந்தக் காடுதான்.

வீராணம் ஏரி: காட்டுமன்னார்கோவில் அருகே சோழர் வெட்டியது. கொள்ளிடம் தண்ணீர் கீழணை, வடவாறு வழியாக வருகிறது. பாசனத்தோடு சென்னையின் தாகத்தையும் தீர்க்கிறது. கோடையில் ஏரி வற்றிக் கிடக்கலாம்.

எப்போ போகலாம்? ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், மழை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு கிளம்புங்க. கடல் சீற்றமா இருந்தா குளிக்க இறங்காதீங்க.