ஆண்டாள் கண்ட ஆய்ப்பாடி

மார்கழி விடியற்காலையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் வழியில், மேற்கே செண்பகத்தோப்பு மலைகள் பனியில் பாதி மறைந்து நிற்க, கண்மாய்க் கரையின் ஈரப்புல்லில் எருமைகள் மேயக் கண்டவர்கள், ஆண்டாள் தன் ஆய்ப்பாடி என்னும் கற்பனா தேசத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வில்லிபுத்தூரையே திருவாய்ப்பாடியாகவும், வடபெருங்கோயிலை நந்தகோபர் மாளிகையாகவும், அங்கே பள்ளிகொண்ட வடபத்திரசாயியைக் கண்ணனாகவும் அவள் பாவித்தாள் என்பது வைணவ சம்பிரதாயம். ஹேமந்த ருதுவில் விரஜ பூமியின் கோபகன்னியர் காளிந்தியில் நீராடிக் காத்தியாயனி விரதம் காத்ததைப் பாகவதம் வர்ணிக்கிறது. நோன்பை அவ்வாயர் சிறுமியரிடமிருந்து ஏற்றுக்கொண்ட ஆண்டாள், அதற்குரிய நிலத்தையும் நீரையும் காற்றையும் தன் பாண்டிநாட்டுச் சீமையிலிருந்தே எடுத்துக்கொண்டாள் என்பது என் துணிபு.

திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் ஓங்கி வளர்ந்த செந்நெல்லூடே கயல்கள் துள்ளுகின்றன, குவளையில் வண்டு உறங்குகிறது; இது யமுனைக்கரை மேய்ச்சல் நிலமன்று, கண்மாய்ப் பாசனத்து மருத நிலம். எட்டாம் பாசுரத்தில் எருமைகள் வைகறையில் சிறுவீடு மேயப் பரவுகின்றன. பன்னிரண்டாவதில், கன்றை நினைந்து அவை சொரிந்த பால் வீட்டைச் சேறாக்க, வாசலில் நிற்கும் பெண்களின் தலையில் பனி விழுகிறது.

எல்லாவற்றினும் வியப்புக்குரியது, ஆயர்பாடியில் இல்லாத சமுத்திரத்தை அவள் அதன் அருகே கொண்டுவந்து வைத்ததாகும். நான்காம் பாசுரத்தின் மேகம் கடலுட் புகுந்து, நீரை முகந்து, முழங்கி மேலேறி, பின்பே பொழிகிறது. மேற்குத்தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்துவிடுவதால் மழைமறைவில் கிடக்கும் இப்பிரதேசத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையே கண்மாய்களைப் பெரும்பாலும் நிரப்புகிறது. அம்மழை ஓய்ந்த மார்கழியில், கடல் கண்ணுக்கெட்டாத ஊரிலிருந்து பாடிய பெண்ணுக்கு, தன் ஊரின் நெல்லும் பாலும் கடல் தந்தவை என்பது தெரிந்திருந்தது. பூகோள சாஸ்திரம் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாக அவள் கூறும் குறிப்பைக் கொண்டு, மு. இராகவையங்கார் அவள் காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். அதில் அபிப்பிராய பேதமுண்டு. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதமும் இவ்வூரையே களமாகக் கொண்டது; அதன் மழைக்கால வர்ணனை கீர்த்தி பெற்றது. ஒரு சிற்றூரின் பருவம் இரு பாஷைகளில் காவியமாயிற்று.

அவள் கண்ட பால்வளம் முற்றும் கனவன்று. இவ்வூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. யமுனையின் ஸ்தானத்தில் இருப்பது திருமுக்குளம். மார்கழி நீராட்டு உற்சவத்தில் ஆண்டாள் இன்றும் அதன் கரை மண்டபத்துக்கே எழுந்தருளி எண்ணெய்க்காப்புக் கண்டருளுகிறாள்.