திருகாணியும் மறைகாந்தமும்



நம் வீட்டுப் பெண்டிர் காதில் அணியும் தோட்டைக் கவனித்திருப்பீர்கள். முகப்பில் ஒளிவிடும் கல்லை எல்லாரும் காண்கின்றனர். செவியின் பின்னிருந்து அதைத் தாங்கும் திருகாணியை எவரும் காண்பதில்லை. எனினும், அச்சிறு திருகாணி கழன்றால் தோடு தங்குவதில்லை. கருவிகளின் நிலையும் இத்தகையதே. அவற்றின் முகப்பைப் பற்றிப் பலர் பேசுவர். மூட்டைப் பற்றிப் பேசுவோர் சிலரே. மின்னணுக் கருவிகளில் திருகாணி இருந்த இடத்திற்குக் கண்ணில் படாத காந்தத் தாழ் எவ்வாறு வந்தது, அதனால் நாம் பெற்றது யாது, இழக்கக்கூடியது யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் திருகாணியின் வரலாற்றைக் காண்போம். பழங்காலத்தில் ஆணியின் மரையைக் கொல்லர் அரத்தினால் ஒவ்வொன்றாக அராவி எடுத்தனர். ஆதலால் ஓர் ஆணியைப் போல மற்றோர் ஆணி அமைவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே செம்மைப்படுத்திய கடைசல் இயந்திரம், ஒரே அளவான மரைகளை வெட்ட வழி செய்தது. ஆயினும் ஒரு பட்டறையின் ஆணி மற்றொரு பட்டறையின் மரையில் புகாத தொல்லை நீங்கவில்லை. ஜோசப் விட்வொர்த் என்பார் பல பட்டறைகளின் ஆணிகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1841 ஆம் ஆண்டில் எல்லார்க்கும் பொதுவான அளவு ஒன்றை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை என்று வகுத்தவர் அவரே. 1936 இல் அமெரிக்கராகிய ஹென்றி பிலிப்ஸ் சிலுவை வடிவத் தலையுள்ள திருகாணிக்குக் காப்புரிமை பெற்றார்.

இவ்வரலாற்றின் உட்பொருள் யாது? திருகாணியின் பெருமை அதன் இரும்பில் இல்லை. அதனைப் பற்றிய பொது உடன்பாட்டில் உள்ளது. ஒரு திருப்புளி கையிலிருந்தால் ஊர் பேர் அறியாதான் செய்த பொருளையும் திறக்கலாம். பழைய வால்வு வானொலிப் பெட்டியின் பின்பலகையைச் சில திருகாணிகளே பிடித்து நின்றன. அவற்றைக் கழற்றினால், உள்ளே வால்வுகளின் வரிசையைக் காட்டும் தாள் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. ‘திறந்து பார், கற்றுக்கொள்’ என்று அப்பெட்டி நம்மை அழைத்தது எனலாம்.

இனிக் காந்தத்திற்கு வருவோம். வில்லியம் கில்பர்ட் 1600 ஆம் ஆண்டிலேயே காந்தத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றினார். ஆயினும் நெடுங்காலம் காந்தம் ஒரு தாழ்ப்பாளாகப் பரவலாகப் பயன்படவில்லை. வலிமை மிகுந்ததும் விலை மலிந்ததுமான காந்தம் கிட்டாமையே காரணம். 1931 இல் ஜப்பானியராகிய மிஷிமா உருவாக்கிய கலப்பு உலோகமும், 1950 களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தார் பரப்பிய ஃபெரைட் காந்தமும் அக்குறையைக் குறைத்தன. ஃபெரைட்டைத் தூளாக்கி, ரப்பர் போன்ற பொருளுடன் கலந்து, நீண்ட நாடாவாக்கவும் முடிந்தது.

அந்நாடாவின் அருமையை உணர்த்தும் துயர நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் நடந்தன. அக்காலத்துக் குளிர்பதனப் பெட்டிகளின் கதவை வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கொண்டி பூட்டியது. கைவிடப்பட்ட பெட்டிகளுக்குள் விளையாட்டாக ஒளிந்த குழந்தைகள் வெளிவர வழியின்றி மூச்சடைத்து மாண்டனர். ஆகவே, கதவு உள்ளிருந்தும் திறக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்று 1956 இல் சட்டம் இயற்றப்பட்டது. கொண்டி மறைந்தது, கதவின் விளிம்பில் காந்த நாடா வந்தது. குழந்தையின் கை தள்ளினாலும் விலகும் மூட்டு அது. மறைகாந்தம் மக்கள் வாழ்வில் பரவலாகப் புகுந்தது, உள்ளே இருப்பவரைக் காக்கும் தாழாக என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கைக்கருவிகளுக்குள் அடங்கும் சிறு காந்தம் இதற்கும் பின்னரே வந்தது. 1982 இல் ஜப்பானியராகிய மசாதோ சகாவா நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெருவலிமை வாய்ந்த காந்தத்தை ஆக்கினார். அமெரிக்காவில் ஜான் குரோட் என்பாரும் தனியே அதே வழியில் வெற்றி கண்டார். இதில் நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. நியோடிமியம் அடங்கிய மோனசைட் மணல் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. 1909 இல், அக்கரையிலிருந்து சென்ற கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தே, ஒரு ஜெர்மானிய வேதியியலார் அதனைக் கண்டறிந்தார். அன்று உலகம் அம்மணலை நாடியது, காந்தத்திற்காக அன்று. விளக்கு வலைக்கு வேண்டிய தோரியத்திற்காக!

இக்காந்தத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். இடைவெளி சிறிது கூடினாலும் அதன் பிடி விரைந்து தளரும். ஆதலால் நேரே இழுத்தால் அசையாத மூடி, ஓர் ஓரத்தில் நகத்தை வைத்துக் கிளப்பினால் எளிதில் விலகும். மேலும், பலகை நடுங்காமல் இறுகவும், வெப்பம் கடத்தும் தகடு அழுந்தி நிற்கவும் திருகாணியே வேண்டும். ஆகவே காந்தம் பெரும்பாலும் மூடிக்கே உரியது. உள்ளுறுப்புக்குத் திருகாணியே உரியது.

ஆப்பிள் நிறுவனத்தார் 2007 இல் வெளியிட்ட ஐமேக் கணினியின் முகக்கண்ணாடியை மறைகாந்தங்களே பிடித்திருந்தன; உறிஞ்சுகிண்ணத்தால் அதனைத் தூக்கி எடுக்கலாம். 2012 இல் வந்த மெலிந்த ஐமேக்கிலோ காந்தத்தின் இடத்தைப் பசை பிடித்துக்கொண்டது. அதே நிறுவனத்தின் கருவிகளில், 2009 முதல், வழக்கமான திருப்புளிக்கு இணங்காத ஐயிதழ்த் திருகாணியும் தோன்றியது. மாறாக, ஃபிரேம்வொர்க் என்னும் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட மடிக்கணினியில், திரையின் சட்டத்தைக் காந்தமே பற்றியுள்ளது. உடைமையாளர் தாமே கையால் எடுத்து மாற்றலாம். திருகாணி கதவை அடைக்கவும் கூடும். காந்தம் கதவைத் திறக்கவும் கூடும் என்பதற்கு இவை சான்று.

யான் வாழ்வது செம்பாக்கத்தில். அருகிலுள்ள தாம்பரம் சானடோரியத்தில் 1984 இல் ஏற்றுமதித் தொழில் வளாகம் அமைந்தது. திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை கைப்பேசிகளைச் செய்தது. அந்நாளைய கைப்பேசியின் பின்மூடியைக் கட்டைவிரலால் திறந்து மின்கலத்தை மாற்றினோம். பூட்டுபவர் நம் வட்டாரத்து இளைஞர்; பழுது பார்ப்பவரும் நம் கடைத்தெரு இளைஞரே. பூட்டியவர் அறிந்ததைப் பழுது பார்ப்பவர் அறியவொட்டாது மறைத்தல் முறையாகுமா?

யான் தலைமையாசிரியனாய் இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். ஆய்வுக்கூடத்து அளவுகருவி ஒன்று ஒருநாள் நின்றுவிட்டது. அதன் மூடியில் திருகாணியே தென்படவில்லை. ஆர்வம் மிக்க மாணவன் ஒருவன் கத்திமுனையால் நெம்பினான். மூடி விரிந்து உடைந்தது. உள்ளே ஒரு கம்பி மட்டுமே கழன்றிருந்தது. மூலைகளில் நான்கு சிறு காந்தங்கள் இருந்தன. கீழ்விளிம்பை விரலால் அழுத்தியிருந்தால் மூடி தானே விலகியிருக்கும்! அவனை எல்லார் முன்னும் கடிந்துகொண்டேன். மாலையில் கருவியுடன் வந்த கையேட்டைப் புரட்டினேன். திறக்கும் முறை பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. மறுநாள் அவனை அழைத்து என் பிழையைக் கூறினேன். ஆயினும் அவன் மீண்டும் கருவியைத் தொடப் பல வாரங்கள் ஆயின. உடைந்த மூடியை ஒட்டிவிட்டோம். அவன் அச்சத்தைப் போக்குவதே அரிதாயிற்று.

ஆதலின், திருகாணி நல்லதா, காந்தம் நல்லதா என்று வாதிடுதல் பயனற்றது. திறக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறதா என்று வினவுவதே அறிவுடைமை. பழுதுபார்க்கும் உரிமைக்கென நம் நடுவண் அரசு 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் தனி இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியது, இவ்வினாவின் தகுதியை உணர்ந்தே ஆகும்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். நீங்கள் காந்தத்தை மறைத்து வையுங்கள். அழகுக்கு அது நன்று. ஆனால் அதனைத் திறக்கும் வழியை மறைக்காதீர்கள். உங்கள் கைக்குப் பின் அக்கருவியைத் தொடும் கை, கற்க விழையும் ஒரு சிறுவனின் கையாகவும் இருக்கலாம்.