நடுகல் முதல் தீர்ப்பாயம் வரை

போரில் மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபடுவது நம் பழைய மரபு. தொல்காப்பியம் அதற்கென்று துறையே வகுத்திருக்கிறது. நாம் வாழும் இந்த மைசூர் வட்டாரத்திலும் ஊருக்கு ஊர் வீரகல் உண்டு. கல்லோடு விட்டுவிடவில்லை, மாண்டவன் குடும்பம் பிழைக்க நிலமும் கொடுத்தார்கள். தமிழ்க் கல்வெட்டு அதை உதிரப்பட்டி என்கிறது, கன்னடக் கல்வெட்டு நெத்தருகொடகெ என்கிறது. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: சிந்திய இரத்தத்துக்கு ஈடான மானியம்.

சரி, சாகாமல் நோயோடு திரும்பி வந்தவனுக்கு என்ன? 1918 செப்டம்பர் 23-இல் ஹைஃபா நகரைப் பிடித்த குதிரைப்படையில் நம் மைசூர் லான்சர்களும் இருந்தார்கள். வாள்வெட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் வலிப்பு, இரத்த அழுத்தம், மனநோய் இவை பட்டாளத்தால் வந்தவையா, முன்னமே இருந்தவையா? வழக்கெல்லாம் இங்கேதான் முளைக்கிறது.

சுதந்திர இந்தியாவில் இதற்கு 1982-இல் விதிகள் வகுக்கப்பட்டன. நோய் பணியால் உண்டாகியிருக்க வேண்டும், அல்லது பணியால் முற்றியிருக்க வேண்டும். ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது பொது விதி.

தரம்வீர் சிங் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1985-இல் சிக்னல் படையில் சேர்ந்த சிப்பாய். 1994-இல் வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று ஊன பென்ஷன் மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன் வென்றார், பிறகு அமர்வின் முன் தோற்றார். கடைசியில் 2013 ஜூலை 2-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய் இருப்பதாகப் பதிவு இல்லையென்றால் நல்ல உடம்போடுதான் வந்தான் என்று கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்றது.

கடை வைத்திருக்கும் எனக்கு இது எளிதில் விளங்குகிறது. சரக்கைப் பார்த்து, நல்ல நிலையில் பெற்றேன் என்று கையெழுத்துப் போட்டவன், ஒன்பது வருஷம் கழித்து அது வரும்போதே பழுது என்றால் எந்த வியாபாரி ஒப்புக்கொள்வான்?

அடுத்தது 2014 டிசம்பர் 10, ராம் அவதார் வழக்கு. 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது. கணக்குப் பாருங்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 30,000 ரூபாய் என்றால் 9,000. ஊனம் 20 என்றால் 1,800. அதையே 50 ஆக எடுத்தால் 4,500. மாதாமாதம், ஆயுள் முழுக்க.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது. அதுவும் தோற்றால் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் தீர்ப்பை உயர்நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருப்பதால், பணியிலிருந்து விடுபட்ட தேதியை முதலில் பார்க்க வேண்டும்.

பெங்களூரின் மதராஸ் சாப்பர்களைத் தம்பிகள் என்றே பட்டாளத்தில் அழைப்பார்கள். அப்படிப்பட்ட தம்பிகள் நம் வீடுகளிலும் இருக்கலாம். மறுத்துவிட்டார்களே என்று அந்தக் கடிதத்தை டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். சேர்ந்தபோதும் விடுபட்டபோதும் எழுதிய மருத்துவத் தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி, கால வரம்புக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். இருப்பவனுக்கு அந்தக் காகிதம்தான் உதிரப்பட்டி.