மோக்கி டக்வே: மோட்டார்ஹோம் ஏறக் கூடாத ரோடு

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு ரோட்டைப் பத்தி. நீளம் வெறும் 3 மைல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில் இருக்கு.

அந்தப் பக்கம் மோட்டார்ஹோம் பயணம் ரொம்பப் பிரபலம். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அதை வாடகைக்கு எடுத்து, மோயாப் ஊரிலிருந்து மான்யுமென்ட் வேலி வரைக்கும் செம்பாறைகளுக்கு நடுவே ஓட்டிக்கிட்டே போவாங்க. நானும் போயிருக்கேன். வழி நெடுக ஒரு கேள்வி வந்துகிட்டே இருந்தது: ஆளே இல்லாத இந்தப் பொட்டல்ல யாருக்காக இத்தனை ரோடு போட்டாங்க?

அதுக்குப் பதில் மோக்கி டக்வேல இருக்கு. நெடுஞ்சாலை 261 தார் ரோடாக வந்து, ஒரு பெரிய பாறைச் சுவருக்கு முன்னாடி சட்டுன்னு மண் ரோடாக மாறுது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் 1,200 அடி ஏறணும். கீழேயே எச்சரிக்கை: 28 அடிக்கு மேல் நீளமோ, 10,000 பவுண்டுக்கு மேல் எடையோ இருந்தா வராதீங்க. பெரிய மோட்டார்ஹோமெல்லாம் அங்கேயே அவுட்.

ஆனா இந்த ரோட்டைப் போட்டதே பாரம் ஏத்தின லாரிகளுக்காகத்தான். 1958-ல் டெக்சாஸ் ஜிங்க் என்ற கம்பெனி வெட்டினது. மலைக்கு மேல் ஹேப்பி ஜாக் சுரங்கம். கீழே மெக்சிகன் ஹாட் ஊருக்குப் பக்கத்தில் ஆலை. சுரங்கத்திலிருந்து ஆலைக்குப் போனது யுரேனியத் தாது.

அது அணு ஆயுதப் போட்டி நடந்த காலம். யுரேனியத்தை வாங்கிய ஒரே ஆள் அமெரிக்க அரசின் அணுசக்தி ஆணையம். விலைக்கு உத்தரவாதம், புது இடம் கண்டுபிடிச்சா போனஸ். 1952-ல் சார்லி ஸ்டீன் என்ற புவியியலாளர் மோயாபுக்குப் பக்கத்தில் பெரிய படிவத்தைக் கண்டுபிடிக்க, கெய்கர் கருவியோடு ஜீப்ல ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க. இன்னைக்கு நாம ரசிக்கிற கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா 1964-ல்தான் வந்தது. அதுக்குள்ள ஓடுற ஒயிட் ரிம் ரோடு, அதுக்கு முன்னாடியே யுரேனியத்துக்காக வெட்டினது.

சரி, தோண்டினது யாரு? நவஹோ பூமியில் இருந்த சுரங்கங்களில் பெரும்பாலும் நவஹோ ஆண்கள். தங்களை 'தினே' என்று சொல்லிக்கொள்ளும் மக்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கூலி வேலை கிடைச்சதுன்னு சந்தோஷமாப் போனாங்க. யுரேனியப் பாறையிலிருந்து ரேடான் வாயு வரும். காற்றோட்டம் இல்லாத சுரங்கத்தில் அது தேங்கி நிக்கும். சுவாசிச்சா நுரையீரல் புற்றுநோய். ஐரோப்பிய சுரங்கத் தொழிலாளிகளைப் பார்த்து மருத்துவர்களுக்கு இது முன்னாடியே தெரியும். அமெரிக்க பொதுச் சுகாதாரத் துறை 1950-லிருந்து இந்தத் தொழிலாளிகளை ஆய்வு செய்தது. ஆனால் ஆபத்து என்னன்னு அவங்களிடம் சொல்லவில்லை. அதே தூசி படிஞ்ச சட்டையோட வீட்டுக்குப் போனாங்க, பிள்ளைகளைத் தூக்கினாங்க.

இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1990-ல். அதுக்குள்ள பல பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. விதவைகள் பணம் கேட்டப்போ, கல்யாணச் சான்றிதழ் எங்கேன்னு கேட்டாங்க. பாரம்பரிய முறைப்படி கல்யாணம் பண்ணினவங்களிடம் காகிதம் எங்கே இருக்கும்? அந்தச் சட்டம் 2024 ஜூனில் காலாவதியாகி, 2025 ஜூலையில்தான் மறுபடி உயிர் பெற்றது.

மெக்சிகன் ஹாட் ஆலை 1965-ல் மூடியாச்சு. கழிவு அங்கேயேதான் இருக்கு, நவஹோ பூமியில், ஹல்சீட்டா என்ற குடியிருப்புக்குப் பக்கத்தில், கல் பாவிய ஒரு பெரிய மேடாக. மான்யுமென்ட் வேலிக்குப் போற பல மோட்டார்ஹோம்கள் அந்தப் பக்கமாத்தான் போகுது. பார்க்கிறவங்களுக்கு அது இன்னொரு குன்று. நவஹோ பூமி முழுக்க 500-க்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் இருக்கு.

நீங்க அந்தப் பக்கம் போனா, பெரிய வண்டியைக் கீழே விட்டுட்டு, சின்னக் கார்ல மோக்கி டக்வே ஏறுங்க. மேலே நின்னா மான்யுமென்ட் வேலி வரைக்கும் தெரியும். அற்புதமான காட்சி. அதைப் பார்க்க நமக்கு ரோடு கிடைச்சது எப்படின்னு பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் சொல்லுங்க.