வாழையைச் சாய்த்தது யார்?

வாழை சாய்ந்தால் நம் பக்கத்தில் முதல் பழி காற்றின் மேல்தான் விழும். ஆடிக் காற்று, ஐப்பசி மழை, முட்டுக் கொடுக்காத சோம்பல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவோம். தார் தள்ளிய மரம் வேரோடு பெயர்ந்து கிடக்கும். காயை வெட்டுவோம், இலையை அறுப்போம், தண்டைக்கூட விட மாட்டோம். அந்த வேரை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்பவர் அபூர்வம்.

இதில் நாம் தனியாக இல்லை. ஜமைக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் கப்பல் கப்பலாக வாழைப்பழம் ஏற்றியவர்களும் இதே பாட்டைத்தான் வெகுகாலம் பாடினார்கள். மரம் சாய்ந்தது, காற்று அடித்தது, அவ்வளவுதான் என்றார்கள். உண்மையான ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்து, அதுதான் காரணம் என்று நிலைநாட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. துறையில் இருந்த நாட்களில் துண்டு துண்டாகப் படித்த அந்தக் கதையை, ஓய்வு கொடுத்த அவகாசத்தில் கோத்துப் பார்த்தேன்.

அந்த ஆள் ஒரு நூற்புழு. மண்புழுவோடு இதைச் சேர்க்க வேண்டாம்; நம் வயிற்றில் இருக்கும் கீரைப்பூச்சி, கொக்கிப்புழு இவற்றின் பங்காளி. நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பருமன் தலைமுடியைவிடக் குறைவு. கண்ணாடி போன்ற உடம்பு, ஆகவே வெறும் கண்ணுக்குத் தெரியாது. வாய்க்குள் ஓர் ஊசி இருக்கும். அந்த ஊசியால் வேரின் சதையைக் குத்தி உறிஞ்சி, உள்ளேயே குடைந்து போய், அங்கேயே முட்டையிடும். மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். வாழைக்கு மண்ணில் பிடிமானம் என்பது அந்தச் சதைப்பற்றான வேர்கள்தாம். அவை உள்ளே அழுகிவிட்டால், முப்பது கிலோ தாரைச் சுமக்கும் மரம் விழுவதற்குப் பெரிய காற்று எதுவும் தேவையில்லை.

முதலில் இதைப் பார்த்தவர் நேதன் அகஸ்டஸ் காப் என்ற அமெரிக்கர். 1859-ல் பிறந்தவர். ஜெர்மனியில் ஜேனா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். நியூ சவுத் வேல்ஸ் வேளாண்மைத் துறையில் பயிர்நோய் ஆய்வாளர் வேலை கிடைத்தது. பிஜித் தீவிலிருந்து வந்த நோய்ப்பட்ட வாழை வேர்களை அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிஜி வாழைக்கு அது போதாத காலம். முடிக்கொத்து நோய் அங்கே முதன்முதலில் பதிவானதும் 1889-ல்தான்.

1893-ல் காப் வெளியிட்ட கட்டுரையில் நம் புழு ‘டைலங்கஸ் சிமிலிஸ்’ என்ற பெயரோடு வருகிறது. சிமிலிஸ் என்றால் லத்தீனில் ‘ஒத்திருப்பது’. பெயர் வைத்த வேளையோ என்னவோ, அதன்பின் இந்தப் புழுவை அடையாளம் காண்பதில் ஒரே குழப்பம். அதே 1893-ல் காப் ‘கிரானுலோசஸ்’ என்று வேறொரு பெயரும் கொடுத்திருந்தார். பிற்பாடு பார்த்தால் அதுவும் இதே புழு. 1898-ல் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் சிம்மர்மன் என்பவர் காப்பி வேரில் ஒரு புழுவைக் கண்டு மூன்றாவதாக ஒரு பெயர் வைத்தார். காப் ஹவாய்த் தீவுக்குப் போய்க் கரும்பு வேரில் ஒன்றைக் கண்டு, 1909-ல் ‘பைஃபார்மிஸ்’ என்று நான்காவது பெயரைச் சூட்டினார். நான்கும் ஒன்றுதான். நம் ஊரில் ரேஷன் கார்டில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் இன்னொரு பெயர் என்று அலையும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இந்தப் புழுவில் ஆணும் பெண்ணும் இரண்டு சாதி போலத் தோன்றும். பெண்ணுக்குத் தட்டையான தலை, தடித்த ஊசி. ஆணுக்குத் தலை குமிழ் போல மேலே தூக்கி இருக்கும்; ஊசி மெலிந்து ஒன்றுக்கும் உதவாமல் இருக்கும். வேரைக் கெடுப்பது பெண்ணும் குஞ்சுகளும்தான். ஆண் தின்பதே இல்லை என்கிறார்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர் மற்றதைப் பார்த்தால் உறவு என்றே சொல்ல மாட்டார். ‘பைஃபார்மிஸ்’ என்ற பெயருக்கே ‘இரு வடிவம் கொண்டது’ என்றுதான் பொருள். கடைசியில் காப் தாமே 1915-ல் கரும்பையும் வாழையையும் கெடுப்பது ஒரே புழுதான் என்று எழுதினார். 1949-ல் ஜெரால்ட் தோர்ன் என்ற அமெரிக்கர் அதற்குத் தனிப் பேரினம் ஒதுக்கி ‘ரேடோஃபோலஸ் சிமிலிஸ்’ ஆக்கினார். குடையும் நூற்புழு என்று நாம் சொல்வது இதைத்தான்.

பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும். வேருக்குள் இருக்கும் புழுவை எப்படி வெளியே எடுப்பது? இதற்கு விடை தந்தவர் வாழைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டாக்டர். ஜாவாவில் இருந்த பேர்மன், மனிதரைப் பிடிக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் மண்ணில் இருக்கின்றனவா என்று பார்க்க, 1917-ல் ஒரு வழி சொன்னார். ஒரு கண்ணாடிப் புனல். அதன் காம்பில் ரப்பர் குழாய், குழாய்க்கு ஒரு கிளிப். புனலில் தண்ணீர் ஊற்றி, மண்ணையோ நறுக்கிய வேரையோ மெல்லிய துணியில் கட்டி, தண்ணீரைத் தொடும்படி வைக்க வேண்டும். புழுக்கள் நெளிந்து துணியைத் தாண்டி வெளியே வரும். அவற்றுக்கு எதிர்நீச்சல் தெரியாது, ஆகவே மெல்ல அடியில் இறங்கிவிடும். மறுநாள் கிளிப்பைத் திறந்து நாலு சொட்டு எடுத்தால் ஆயிரம் புழு இருக்கும். நூறு வருஷம் கழித்தும் நூற்புழு ஆய்வகங்களில் இந்தப் புனல் இருக்கிறது. இதைவிட மலிவான கருவி விஞ்ஞானத்தில் எனக்குத் தெரிந்து குறைவு.

நம் சென்னை மாகாணமும் இந்தத் துறையில் பின்தங்கி நிற்கவில்லை. இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழு முதலில் பதிவானது 1901-ல், நீலகிரியைச் சேர்ந்த தேவாலாவில், தேயிலைச் செடியில். கண்டவர் சி. ஏ. பார்பர். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்து, டி. எஸ். வெங்கட்ராமனோடு கரும்பு ரகங்களை உருவாக்கிய அதே பார்பர்தான். கரும்புக்காக அவரை எல்லோரும் நினைக்கிறார்கள், புழுவுக்காக யாரும் நினைப்பதில்லை. 1961-ல் ஊட்டி உருளைக்கிழங்கில் முட்டைக்கூட்டு நூற்புழுவை ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டார். அந்தக் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

வாழைக்கு வருவோம். ஜமைக்காவில் ஆஷ்பி என்பவர் 1915-லேயே வாழை நோய்க்கு நூற்புழுவைக் காரணம் காட்டினார். வேரும் கிழங்கும் கறுத்துப் போவதால் அங்கே அதற்குக் ‘கருந்தலை நோய்’ என்று பெயர். ஆனால் பெரிய தோட்டங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அப்போது வேறு தலைவலி. பனாமா வாடல் என்ற பூசண நோய், ஏற்றுமதிக்கு உயிராக இருந்த குரோ மிஷல் ரகத்தைத் தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டிருந்தது. 1950, 60-களில் வேறு வழியில்லாமல் அந்த ரகத்தைக் கைவிட்டு, வாடலைத் தாங்கும் கேவண்டிஷ் வகைக்கு மாறினார்கள். நம் ரோபஸ்டா, பச்சை வாழை, இப்போதைய ஜி-9 எல்லாம் அந்தக் குடும்பம்தான். கேவண்டிஷ் பூசணத்தைத் தாங்கியது, புழுவைத் தாங்கவில்லை. குரோ மிஷல் ஓரளவு சமாளித்த புழுவுக்குக் கேவண்டிஷ் வேர் விருந்தாகிவிட்டது. மரங்கள் சாயச் சாயத்தான் வேரைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் கட்டத்தில் வருபவர் லூஸ் என்பவர். இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் தேயிலை வேர்ப் புழுக்களைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். அங்கே தேயிலையைக் கெடுக்கும் ஒரு புழுவுக்கு 1960-ல் அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு மத்திய அமெரிக்காவுக்குப் போய், கருந்தலை நோய்க்குக் காரணம் குடையும் நூற்புழுதான் என்பதையும் அதன் வாழ்க்கைச் சுற்றையும் 1960-லும் 1962-லும் எழுதினார். மலைநாட்டுத் தேயிலையில் பழகிய கண் ஹோண்டுராஸ் வாழைக்கு உதவியது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இந்தப் புழு வாழையோடு நின்றிருந்தால் உலகம் இவ்வளவு கவலைப்பட்டிருக்காது. இந்தோனேசியாவின் பங்கா தீவில் மிளகுக் கொடிகள் மஞ்சளாகிச் செத்தன. இரண்டு கோடிக்கு மேற்பட்ட கொடிகள் போயின என்று நூல்கள் கணக்குச் சொல்லும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோப்புகள் வட்ட வட்டமாக நலிந்தன. மண்ணில் குறை, வைரஸ் என்று பல ஆண்டு தேடி, 1953-ல்தான் சூட், டுஷார்ம் என்ற இருவர் அதே குடையும் நூற்புழுவைக் காட்டினார்கள். நோய்ப்பட்ட மரங்களோடு அவற்றை ஒட்டி நின்ற நல்ல மரங்களையும் சேர்த்துப் பிடுங்கி எரித்து, மண்ணுக்குள் விஷப்புகை ஏற்றினார்கள். நல்ல மரத்தைப் பிடுங்கச் சம்மதித்த அந்த விவசாயிகளின் நெஞ்சை நினைத்துப் பார்க்கிறேன்.

அப்புறமும் ஒரு வழக்கு பாக்கி இருந்தது. வாழைப் புழு ஆரஞ்சு வேரில் பிழைப்பதில்லை. ஃபுளோரிடாப் புழு இரண்டிலும் பிழைக்கிறது. மைக்ராஸ்கோப்பிலோ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. 1984-ல் ஃபுளோரிடாப் புழுவைத் தனி இனம் என்று அறிவித்தார்கள். மரபணுவைப் பார்க்கும் வசதி வந்தபின் அது தள்ளுபடியாகி, இரண்டும் மீண்டும் பழைய ‘சிமிலிஸ்’ பெயருக்கே வந்தன.

இந்தியாவில் வாழையில் குடையும் நூற்புழுவை முதலில் பதிவு செய்தவர்கள் கேரளத்தின் நாயர், தாஸ், மேனன் ஆகிய மூவர், ஆண்டு 1966. அது எப்படி வந்திருக்கும்? இதன் நெருங்கிய உறவுப் புழுக்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா பக்கத்தில் இருப்பதால், பூர்வீகம் அங்கேதான் என்பது வல்லுநர் கருத்து. தானாக நகர்ந்தால் வருஷத்துக்குச் சில மீட்டர் தூரம் போகும் பிராணி இது. கடல் தாண்ட வைத்தது மனிதன்தான், கன்றுக் கிழங்குக்குள் வைத்து. நல்ல தார் போட்ட மரம் என்று உறவினர் தோட்டத்திலிருந்து ஆசையாய்க் கேட்டு வாங்கி வருகிறோமே, அந்தக் கன்றில் கூடவே வருகிறது. கேரளத்துப் புரையிடங்களில் வாழைக்குப் பக்கத்திலேயே மிளகு, பாக்கு, தென்னை எல்லாம் நிற்கும். அத்தனையும் இதற்கு உணவு.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, கொன்றுவிடலாம் என்று ரசாயனக்காரர்கள் கிளம்பியதும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. 1950-களில் வந்த டிபிசிபி என்ற மருந்து புழுவை நன்றாகவே கொன்றது. 1977-ல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளிகளுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமல் போனது வெளியே வந்தது. அமெரிக்காவில் தடுத்த பிறகும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அது புழங்கியது. அங்கே தெளித்த ஆயிரக்கணக்கான கூலிக்காரர்களின் வழக்குகள் பல பத்தாண்டு இழுத்தன. புழுவைப் பற்றிய புத்தகங்களில் இது இரண்டு வரிதான் வரும். எனக்கு அது போதாது என்று தோன்றும்.

கிழங்கைப் பழுப்புப் புள்ளி தெரியாத வரை சீவி, 55 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து நடுவது விஷமில்லாத பழைய வைத்தியம். திசு வளர்ப்புக் கன்றில் புழு இராது. ஆனால் புழு உள்ள மண்ணில் நட்டால் அதுவும் தப்பாது.

உங்கள் வாழை சாய்ந்தால், அல்லது தார் சிறுத்துக்கொண்டே போனால், வேரை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள். நல்ல வேர் உள்ளே வெள்ளையாக இருக்கும். சதை செங்கறுப்பாகி, நடு நரம்பு மட்டும் வெள்ளையாக நின்றால் குடையும் புழுவாக இருக்கலாம். மேல்தோலை ஒட்டிச் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் என்றால் சுருள் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம். வேர் அங்கங்கே வீங்கிக் கணுக்கணுவாக இருந்தால் வேர்முடிச்சுப் புழு. இன்னொன்று உண்டு, வேர்க்கருகல் நூற்புழு. அது செய்யும் காயம் குடையும் புழுவின் காயம் போலவே இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. மைக்ராஸ்கோப்பில் பெண் புழுவின் இனப்பெருக்கத் துளை உடம்பின் நடுவில் இருந்தால் குடையும் புழு, வால் பக்கம் தள்ளி இருந்தால் வேர்க்கருகல் புழு. ஒரே வேரில் நான்கும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதும் உண்டு.

ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதானால் செத்த மரத்தின் வேர் வேண்டாம். நலிந்து நிற்கும் நாலைந்து மரங்களைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் எடுத்த வேரும் ஈர மண்ணும் போதும். பாலிதீன் பையில் கட்டி, நிழலில் வைத்து, கூடிய சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். பை வெயிலில் கிடந்தால் புழு செத்துவிடும். செத்த புழு பேர்மன் புனலில் இறங்காது, ‘புழு இல்லை’ என்று சீட்டு வந்துவிடும்.