இதயத்தின் எதிரொலி

அந்தமான் வரலாற்றில் 1877-ஆம் ஆண்டு துயரம் நிறைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் போர்ட் பிளேயரில் தோன்றிய தட்டம்மை, ஆதிக்குடிகளான பெரிய அந்தமானியரிடையே காட்டுத்தீயெனப் பரவிற்று. மூச்சுவழிப் பரவும் அந்த வைரஸ் நோய் அம்மக்களுள் பாதிப்பேரையேனும் மாய்த்தது என, அவர்களுக்குப் பொறுப்பதிகாரியாயிருந்த போர்ட்மன் 1899-இல் வெளியான தம் நூலில் கணித்தார். பிற நோய்களும் சேர்ந்தமையால், 1901-இல் 625 பேராக இருந்தோர் 1961-இல் 19 பேராயினர்.

காய்ச்சலுற்ற பத்துப் பேருள் யார் தேறுவார், யார் நலிவார் என முன்னறிய அன்றைய மருத்துவரிடம் நாடியும் மார்புக்குழலும் அன்றி வேறு துணை இல்லை.

துணையாக வந்த கருவியின் கதை கப்பல் துறையில் தொடங்குகிறது. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலறிஞர் ஹெர்ட்ஸும், உலோகத்தின் உள்விரிசலைக் காணக் கப்பல் கட்டும் தளத்தில் பயன்பட்ட ஒலியலைக் கருவியை இரவல் பெற்று, மனித இதயத்தை ஆராய்ந்தனர். செவிக்கெட்டாத ஒலி இதயச் சுவரில் மோதித் திரும்பிப் படமாகிறது. மருத்துவமனைகளில் 'எக்கோ' என வழங்கும் இதனை 'எதிரொலிப் படம்' எனலாம்.

மூச்சு நோய்க்கும் இதயத்துக்கும் உறவு யாது? இரத்தத்தை நுரையீரலுக்குச் செலுத்துவது இதயத்தின் வலக் கீழறை. நுரையீரல் அழன்றாலோ, அதன் இரத்தக் குழாய்கள் அடைபட்டாலோ, அவ்வறை பளுவைத் தாங்காது விரிகிறது. 2020-இல் டெல் அவீவ் நகர மருத்துவர்கள் கொரோனா நோயாளர் 100 பேரை ஆராய்ந்தனர். 32 பேருக்கே இதயம் பழுதற்றிருந்தது. 39 பேருக்கு வலக் கீழறை விரிந்தோ தளர்ந்தோ இருந்தது. வூகானில் 120 பேரை ஆராய்ந்தோரும், அவ்வறையின் சுருங்கும் திறன் குன்றியோர்க்கு உயிராபத்து மிகுதி எனக் கண்டனர்.

அவ்வாண்டு ஆகஸ்டில் கொரோனா பெரிய அந்தமானியரையும் எட்டியது. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட அச்சமூகத்தில் 10 பேர் நோயுற்றனர். மருத்துவக் குழுவினர் கடல் கடந்து ஸ்ட்ரெய்ட் தீவுக்கே சென்று சோதித்தனர். நோய் கண்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1877 மீளவில்லை.

நேயர்களே, எதிரொலிப் படம் நோயைத் தீர்ப்பதன்று. இரத்தச் சோதனையோடும் மூச்சின் அளவோடும் இணைத்தே அதனைப் படித்தல் வேண்டும். ஆயினும் சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கையில், யாரை முதலில் விமானத்தில் ஏற்றுவது என்னும் வினா எழும்பொழுது, சில மணி நேர முன்னறிவும் ஓர் உயிருக்கு ஈடாகும். கையில் ஏந்திச் செல்லத்தக்க அக்கருவியும், அதனைப் படிக்கப் பயின்ற கண்களும் தீவுதோறும் அமைதல் வேண்டும்.