உடன்படிக்கையும் ஒப்பந்தமும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வு தேடிய தமிழரின் வரலாற்றோடு இரண்டு சொற்கள் பிணைந்துள்ளன. ஒன்று ஒப்பந்தம், மற்றொன்று உடன்படிக்கை. முன்னது, கடல் கடந்த முன்னோர் படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்ததை நினைவூட்டும் சொல். பின்னது, கிறித்தவத் தமிழர் தம் வேதாகமத்தில் கேட்டுப் பழகிய சொல். அகராதியில் இவ்விரண்டும் அண்டை வீட்டார். வரலாற்றிலோ இவற்றிடையே பெருங்கடல் ஒன்று கிடக்கிறது. அதன் அகலத்தை அளந்து பார்ப்பது பயனுடைத்து.

சீனாய் மலையடியில்

எபிரேய மொழியில் உடன்படிக்கையைக் குறிக்கும் சொல் ‘பெரீத்’ என்பது. பண்டை மேற்காசியாவில் பேரரசர், தமக்கு அடங்கிய சிற்றரசரோடு உடன்படிக்கை செய்தனர். பேரரசர் செய்த நன்மைகள் முதலில் கூறப்படும்; சிற்றரசரின் கடமைகள் அடுத்து வரும்; சாட்சிகளும் சாபங்களும் இறுதியில் இடம்பெறும். ஹிட்டைட்டு அரசரின் இத்தகைய உடன்படிக்கைகளுக்கும் சீனாய் மலை உடன்படிக்கைக்கும் உள்ள ஒப்புமையை ஜார்ஜ் மெண்டன்ஹால் என்னும் அறிஞர் 1954இல் எடுத்துக் காட்டினார்.

ஒப்புமையினும் வேற்றுமையே சிறப்புடையது. அரசரும் அரசரும் செய்துகொண்ட உடன்பாட்டில் உழைப்பாளிக்கு இடமில்லை. இஸ்ரவேலின் உடன்படிக்கையிலோ முழு மக்களினமும் ஒரு தரப்பாக நின்றது. உபாகமம், அவ்வாறு நின்றோரை வரிசைப்படுத்துகிறது: தலைவர், மூப்பர், பெண்டிர், பிள்ளைகள், அவர்களோடு தங்கிய அந்நியர், விறகு வெட்டுவோர், தண்ணீர் இறைப்போர். சமுதாயத்தின் கடைக்கோடியில் நின்றவரும் அந்தப் புனித அவையில் ஒரு தரப்பினராயினர்.

இச்சட்டத்தின் வேர் நினைவு. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைக் கூட்டம் விடுதலை பெற்றபின், தன் பழைய நிலையை மறவாதிருக்கக் கட்டளை பெற்றது. ஏழாம் நாள் ஓய்வு வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் உரியது. காரணம், நீங்களும் அடிமைகளாய் இருந்தவர்கள் என்பது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். அவன் உள்நாட்டானாயினும் அந்நியனாயினும் முறை ஒன்றே. ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை. ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில் நிலம் பழைய குடும்பத்திற்கே திரும்பும். விலைப்பட்டவன் வீடு திரும்புவான்.

மீறப்பட்ட வாக்கு

யூபிலி ஆண்டு முழுமையாக நடைமுறைக்கு வந்தமைக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சட்டம் உயர்ந்திருந்தது, மனிதர் தாழ்ந்தனர். கி.மு. எட்டாம் நூற்றாண்டில், தெக்கோவா ஊரினராகிய ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி, ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்ற செல்வரைக் கண்டித்தார். நீதி அற்ற வழிபாட்டின் இசையும் பலியும் இறைவனுக்கு வெறுப்பே என முழங்கினார்.

எரேமியா நூல் கூறும் நிகழ்ச்சியொன்று நெஞ்சைத் தைப்பது. பாபிலோனியப் படை எருசலேமை நெருக்கியபோது, சிதேக்கியா அரசன் மக்களோடு உடன்படிக்கை செய்து எபிரேய அடிமைகளை விடுவிக்கச் செய்தான். கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து, அத்துண்டுகளின் நடுவே நடந்து, பெரியோர் வாக்களித்தனர். முற்றுகை தளர்ந்தது, அச்சம் நீங்கியது, விடுதலை பெற்றோரை மீண்டும் பிடித்து அடிமையாக்கினர். ஆபத்தில் பிறந்த அறம், ஆபத்து நீங்கியதும் மாண்டது. எரேமியா அதை மன்னிக்கவில்லை. கி.மு. 586இல் நகரம் வீழ்ந்தது.

அவ்வீழ்ச்சிக்குப் பின்னும் நெறி அழியவில்லை. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட யூதரின் மிஷ்னா, பகலில் உழைத்தவன் அவ்விரவு முழுவதும் தன் கூலியைக் கோரலாம் என வரையறுத்தது. ஊர் வழக்கத்தை மீறி அதிகாலையிலும் பின்மாலையிலும் வேலை வாங்குவதைத் தடுத்தது. கிறித்தவத்தின் புதிய ஏற்பாட்டிலும், யாக்கோபின் நிருபம் வயலை அறுத்தவரின் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுவதாகக் கூறுகிறது. 1891இல் பதின்மூன்றாம் லியோ என்னும் போப்பரசர் தம் சுற்றுமடலில், தொழிலாளி இசைந்தான் என்பதனாலேயே ஒரு கூலி நீதியான கூலியாகிவிடாது என்று விளக்கினார். இசைவினும் நீதி மூத்தது என்பதே இம்மரபின் சாரம்.

கைநாட்டு வைத்த தாள்

இதே வேதத்தைக் கையிலேந்திய பேரரசின் நடத்தை எத்தகையது? வில்பர்ஃபோர்சு முதலிய கிறித்தவரின் நெடும் போராட்டத்தால் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதே 1834 நவம்பரில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டம் மொரீசியசில் கரையிறங்கிற்று. ஒரு வாயில் அடைபட, மறு வாயில் திறந்தது.

மலாயாவிலும் ஒப்பந்தமுறை வேரூன்றியது. பயணச் செலவு தொழிலாளியின் தலையில் கடனாய் ஏறியது. வேலையை விட்டு ஓடியவர் சிறை செல்ல நேர்ந்தது. தாளில் இரு தரப்பு. தண்டனையின் சுமை பெரிதும் ஒரு தரப்புக்கு. இலங்கையில் ‘துண்டு’ என்னும் கடன்சீட்டு இருந்தது. கங்காணியின் கடனை அடைக்கும் தோட்டத்திற்கே தொழிலாளர் மாற முடிந்தது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. ஏழாண்டில் கடனை அறுத்த பண்டைச் சட்டத்தோடு இதனை ஒப்பிடின், காலம் முன்னேறியதா பின்னேறியதா என்னும் ஐயம் எழும்.

மனச்சான்றும் உறங்கிவிடவில்லை. ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த சி. எஃப். ஆண்ட்ரூஸ், 1915இல் பிஜித் தீவுக்குச் சென்று கரும்புத் தோட்டத் துயரை நேரில் கண்டு உலகறியச் செய்தார். மக்கள் அவரைத் ‘தீனபந்து’ என்றழைத்தனர். இந்தியாவில் எழுந்த பெருங்கிளர்ச்சியால் 1917இல் ஒப்பந்தக் குடியேற்றம் நின்றது; 1920இல் பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. மலாயாவில் அம்முறை 1910இலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. ஆயினும் கங்காணி முறை நீடித்தது.

மஞ்சு சூழ்ந்த மலையில்

1885இல் நிலஅளவையாளர் வில்லியம் கேமரன் கண்ட மேட்டுநிலம், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய பின் தேயிலை நாடாக மாறியது. இலங்கைத் தேயிலை அனுபவம் மிக்க ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். 1933இல் பாரத் நிறுவனமும் தோன்றியது. காடழித்துக் கன்று நட்டு, கொழுந்து கிள்ளிக் கூடை சுமந்தோருள் தமிழர் பெரும்பங்கினர்.

அது பொருளாதார மந்தத்தின் காலம். 1920களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என வகுக்கப்பட்ட நாட்கூலி, மந்தத்தில் வெட்டப்பட்டது. 1936இன் இறுதியில் மலாயா வந்த சீனிவாச சாஸ்திரியார், அப்பழைய அளவை மீட்கப் பரிந்துரைத்தார். கூலி பற்றிய மனக்கசப்பு தீராத நிலையில், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின், தனியொருவர் குரல் கூட்டுக்குரலாயிற்று. கூட்டு உடன்பாட்டில் தொழிலாளி மெய்யாகவே ஒரு தரப்பினர் ஆனார்.

இன்று அம்மலைச் சரிவுகளில் இயந்திரங்கள் கொழுந்து வெட்டுகின்றன. அவற்றை ஏந்திய கைகளிற் பல வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. லயத்தில் பிறந்த தமிழரின் மக்களிற் பலர் ஆசிரியராய், வணிகராய், அலுவலராய் உயர்ந்து நகரங்களில் வாழ்கின்றனர். அவ்வுயர்வு பெருமைக்குரியது, அதனோடு ஒரு கடமையும் பிறக்கிறது. கடன்பட்டுக் கப்பலேறியவரின் பேரன், கடன்பட்டு விமானமேறி வந்த புதியவரை எவ்வாறு நோக்குகிறார்?

சீனாய் மலையடியில் நின்றோர்க்கு இடப்பட்ட கட்டளை, அந்நியரை நினைவோடு நடத்துக என்பதாகும். ஒப்பந்தம் காலம் முடிந்ததும் காலாவதியாகும். அதனை எழுதிய தாளும் மட்கிப்போகும். உடன்படிக்கையோ, தானும் ஒருகாலத்தில் அந்நியனாய் நின்றதை ஒருவன் மறவாதிருக்கும் வரை உயிரோடிருக்கும்.